வைக்கோலும் வாழைமட்டையும் சக்கையும்: எவ்வளவு பிரிப்பது, எங்கே நிறுத்துவது

வைக்கோல், வாழைமட்டை, கரும்புச் சக்கை மூன்றையும் தனித்தனியாக 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில் 2 மணி நேரம் கொதிக்கவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். 100 கிராமுக்கு 2 லிட்டர் கரைசல். வைக்கோலில் பழுப்புக் கூழ் வந்தது, எடை பாதியாகிவிட்டது. வாழைமட்டையில் நீள நார் கிடைக்கும் என்று பார்த்தால் அது குழைந்து துண்டு துண்டாகப் போனது. இப்போது காஸ்டிக் எத்தனை சதவீதம் வைக்கலாம், எவ்வளவு நேரம் கொதிக்கவிடலாம், வெளுத்து வெள்ளையாகிவிட்டால் அது நாரின் முதன்மைப் பொருளான செல்லுலோஸ்தானா, அதிலிருந்து மிக நுண்ணிய துகளாகவோ இழையாகவோ நானோ செல்லுலோஸ் எடுக்க முடியுமா என்று கேட்கிறீர்கள். நான்கு கேள்வி போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: இந்தச் செடியை எந்த அளவுக்குப் பிரிக்க வேண்டும்? அது முடிவானால் சதவீதமும் நேரமும் தானாக அமையும். கூழ், நார் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்: இந்த வேலையில் வீணாகும் பொருளில் பெரும்பங்கு, தேவைக்கு மேல் பிரித்ததால்தான் வீணாகிறது.

முதலில் ‘நார்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். வாழைமட்டையிலிருந்து கையால் உரித்தெடுக்கும் ஒரு நார் பார்வைக்கு ஒற்றை இழைதான். உருப்பெருக்கியில் வைத்தால் அது பல உயிரணுக்கள் பக்கவாட்டிலும் முனையோடு முனையாகவும் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு கட்டு. ஒவ்வோர் உயிரணுவும் சில மில்லிமீட்டர் நீளம்தான். அவற்றை ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின், ஹெமிசெல்லுலோஸ், மரத்தன்மை தரும் லிக்னின் ஆகியவை சேர்ந்தது. நீங்கள் சூடான காஸ்டிக்கில் போட்டதும் அந்தப் பசை கரைந்தது, கட்டு அவிழ்ந்தது. அதனால் நார் கெட்டுப்போகவில்லை. கயிறாக, துணியாகப் போக வேண்டிய நிலையைத் தாண்டி காகிதக் கூழ் நிலைக்கு இறங்கிவிட்டது. இதற்கும் கீழே போனால் லிக்னினும் ஹெமிசெல்லுலோஸும் பெருமளவு நீங்கிய செல்லுலோஸ். அதற்கும் கீழே, உயிரணுச் சுவருக்குள் இருக்கும் சில நானோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழைகள். ஒவ்வொரு படி இறங்கும்போதும் பொருளின் ஒரு பகுதி கழிவுநீரில் போகிறது, தண்ணீரும் வேதிப்பொருளும் கூடுகின்றன. இறங்கிய படியை மறுபடி ஏற முடியாது. ஆகவே எந்தப் பொருளுக்கு எந்தப் படி போதுமோ அங்கேயே நிறுத்துவதுதான் சிக்கனம்.

உங்களிடம் இருக்கும் மூன்றும் ஒரே வகைப் பொருள் இல்லை. ஒரே கரைசலில் ஒரே நேரம் வேகவைத்ததுதான் முதல் பிழை. நெல் வைக்கோலில் செல்லுலோஸ் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடலாம். லிக்னின் குறைவு. ஆனால் எரித்தால் சாம்பல் மட்டும் பல சமயம் 12 முதல் 20 சதவீதம் வரை வரும், அதில் பெரும்பகுதி சிலிக்கா, மணலில் உள்ள அதே பொருள். கரும்புச் சக்கையில் செல்லுலோஸ் 40 சதவீதத்தை ஒட்டி இருக்கும், லிக்னின் 20 சதவீதத்தை ஒட்டி, சாம்பல் சொற்பம். வாழைமட்டையில் பச்சை எடையில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். கிடைக்கும் உலர்ந்த நார் பச்சை எடையில் 1 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அந்த நாரில் பாதிக்கு மேல் செல்லுலோஸ், அதுவும் நீளக் கட்டுகளாகவே கிடைக்கிறது. வைக்கோலின் தனி உயிரணு நார் சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலிருந்து நூலோ கயிறோ எதிர்பார்க்கக் கூடாது, கூழ்தான் அதற்குரிய இடம். வாழையைக் கூழாக்குவது, என் கருத்தில், நீளத்தை வீணடிப்பது.

அதனால் வாழைக்கு வேதிப்பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு இயந்திர வழிக்கு வாருங்கள். மட்டை வெட்டிய அன்றோ மறுநாளோ எடுத்துவிட வேண்டும். தாமதமானால் சாறு காற்றுப்பட்டுக் கறுத்து, அந்தக் கறை நாரில் ஏறிவிடும். அதை நீக்க வெளுக்க வேண்டிவரும். மட்டைகளை அடுக்கடுக்காகப் பிரித்து, வெளிமட்டை ஒரு பக்கம், உள்மட்டை ஒரு பக்கம் என்று வையுங்கள். வெளிமட்டை நார் முரடு, உள்ளே போகப்போக மென்மை. கலந்துவிட்டால் பின்னால் பிரிக்க முடியாது. நார் உரிக்கும் இயந்திரம் இல்லையென்றால், சாய்வான பலகையில் மட்டையின் உள்பக்கம் மேலே இருக்கும்படி வைத்து, மழுங்கிய தகட்டால் ஒரே திசையில் அழுத்திச் சுரண்டினால் சதை வழிந்து நார் மட்டும் நிற்கும். தகடு கூராக இருந்தால் நாரை அறுத்துவிடும். விரலை ஓட்டினால் வெட்டாத அளவு மழுங்கல் வேண்டும். உடனே நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சீவி எடுக்கலாம். நார் இன்னும் விறைப்பாக, பிசினோடு இருப்பதாகப் பட்டால் அப்போது மட்டும் 1 சதவீதத்துக்குள் மெல்லிய காஸ்டிக்கில், கொதிக்கவிடாமல், சிறிது நேரம் வைத்து எடுக்கலாம். பெக்டினை மட்டும் தின்னும் நொதிகளும் இருக்கின்றன. தண்ணீரில் ஊறப்போட்டு நுண்ணுயிர்களிடம் விடும் பழைய முறையும் வேலை செய்யும், ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், நாள் தப்பினால் நாரே அழுகத் தொடங்கும். ஊறிய தண்ணீரையும் ஓடையில் விடக் கூடாது.

இப்போது வைக்கோல். உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். 2 லிட்டரில் 5 சதவீதம் என்றால் 100 கிராம் காஸ்டிக். வைக்கோலும் 100 கிராம். அதாவது வைக்கோல் எடை எவ்வளவோ அவ்வளவு காஸ்டிக் போட்டிருக்கிறீர்கள்! ஆய்வுக் கட்டுரைகளில் ‘4 சதவீதம்’, ‘5 சதவீதம்’ என்று படிக்கும்போது சின்ன எண்ணாகத் தெரிகிறது. அது தண்ணீரோடு ஒப்பிட்ட சதவீதம். வைக்கோலோடு ஒப்பிட்டால் கதை வேறு. கூழ் ஆலைகளில் வைக்கோலின் உலர் எடையில் 10 முதல் 15 சதவீத அளவுக் காஸ்டிக் போதும். அவர்கள் 100 கிராமுக்கு 400, 500 மில்லி நீர்தான் வைப்பார்கள், அழுத்தக் கலனில் 150 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் வேகவைப்பார்கள். திறந்த பாத்திரத்தில் அந்த வெப்பம் வராது, அதனால் காஸ்டிக்கும் நேரமும் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். ஆனாலும் எடைக்கு எடை தேவையே இல்லை. வைக்கோலை 2 அல்லது 3 சென்டிமீட்டராக நறுக்கி, இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, 100 கிராமுக்கு 1 லிட்டர் நீரும் 20 கிராம் காஸ்டிக்கும் வைத்துத் தொடங்குங்கள். அதிகமான நேரமும் நல்லதில்லை. சூடான காரத்தில் செல்லுலோஸ் சங்கிலியின் ஒரு நுனியிலிருந்து குளுக்கோஸ் அலகுகள் ஒவ்வொன்றாக உதிரும். நீங்கள் காப்பாற்ற நினைக்கும் பொருளே மெல்ல மெல்லக் கரையும்.

கைவினைக் காகிதம்தான் நோக்கம் என்றால் காஸ்டிக்கே வேண்டாம், சலவைச் சோடா போதும். உலர் எடையில் 20 சதவீதம் போட்டு 2, 3 மணி நேரம் கொதிக்கவிடுங்கள். எப்போது நிறுத்துவது என்பதைக் கடிகாரத்தைவிட விரல் நன்றாகச் சொல்லும். ஒரு வைக்கோல் துண்டை வெளியே எடுத்து அலசி, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். ஈரப் பஞ்சு பிரிவதுபோலத் தடையில்லாமல் பிரிந்தால் பதம் வந்துவிட்டது. நாண்போல் நின்று ‘டக்’கென்று அறுந்தால் இன்னும் வேக வேண்டும். நசுக்கினால் களிபோல் வழிந்தால் பதம் தாண்டிவிட்டது. கையுறையோடு இந்தச் சோதனையை 20 நிமிடத்துக்கு ஒரு தடவை செய்தால் அடுத்த முறைக்கான நேரம் உங்கள் கைக்கே தெரிந்துவிடும். வைக்கோலின் கணுக்கள் கடைசிவரை வேகாது, அவற்றைச் சல்லடையில் தனியே எடுத்துவிடுங்கள்.

எடை பாதியாகிவிட்டதே என்று வருந்தியிருக்கிறீர்கள். அது தோல்வியே இல்லை. 100 கிராமில் செல்லுலோஸ் 35 கிராம் சுற்றளவுதான். 50 கிராம் மிஞ்சியிருக்கிறது என்றால், செல்லுலோஸோடு கொஞ்சம் ஹெமிசெல்லுலோஸ், கொஞ்சம் லிக்னின், கொஞ்சம் சிலிக்கா இன்னும் கூடவே இருக்கின்றன என்றுதான் அர்த்தம். காகிதத்துக்கு அந்த ஹெமிசெல்லுலோஸ் நல்லதுதான், நாரோடு நார் ஒட்ட அதுதான் உதவும். அதையும் துரத்தினால் தாள் பஞ்சுபோல் உதிரும்.

சக்கையில் கவனிக்க வேண்டியது அதன் உள்ளே இருக்கும் மென்சோறு. உலர்ந்த சக்கையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இதுதான். நார் கிடையாது, பஞ்சுபோன்ற சேமிப்பு உயிரணுக்கள். கடற்பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் வேதிப்பொருளை உறிஞ்சிக்கொண்டு, கூழில் நீர் வடியாமல் அடைத்துக்கொள்ளும். வேகவைப்பதற்கு முன்பே சக்கையை நனைத்து, முரட்டுச் சல்லடைமேல் தேய்த்துத் தட்டினால் சோறு கீழே விழும், நார் மேலே நிற்கும். இந்த ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தாலே பிற்பாடு பாதித் தொல்லை இல்லை. மிச்சச் சர்க்கரை இருந்தால் புளித்து நாரை நிறம் மாற்றும், அதனால் முதலில் நன்றாகக் கழுவுங்கள்.

அடுத்தது வெள்ளை நிறம். வெள்ளையானால் செல்லுலோஸ் என்று நம்புவதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை. ஹைட்ரஜன் பெராக்சைடு பெரும்பாலும் செய்வது லிக்னினில் நிறம் தரும் பகுதிகளைச் சிதைப்பது. லிக்னின் அங்கேயே, நிறமில்லாமல், உட்கார்ந்திருக்கும். ஹெமிசெல்லுலோஸும் வெள்ளை, சிலிக்காவும் வெள்ளை. ஃபுளோரோகுளுசினால் கரைசலும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு சொட்டு விட்டால் லிக்னின் உள்ள இடம் சிவக்கும். வெளுப்பதற்கு முன் இது நல்ல சோதனை. வெளுத்த பிறகு சிவக்கவில்லை என்றால் லிக்னின் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் நிறம் காட்டும் ஆல்டிஹைடு தொகுதிகளைத்தான் வெளுப்பான் முதலில் அழித்திருக்கும். துத்தநாகக் குளோரைடு கலந்த அயோடின் சாயத்தில் லிக்னின் நிறைந்த நார் மஞ்சளாகவும் நன்கு வெந்த கூழ் நீலம் அல்லது ஊதாவாகவும் தெரியும். ஒரு சிட்டிகைக் கூழை நன்றாக எரித்துச் சாம்பலைப் பார்ப்பது இன்னும் எளிது. வைக்கோல் கூழில் நறநறவென்று வெள்ளைத் தூள் நின்றால் சிலிக்கா மீதமிருக்கிறது. செல்லுலோஸின் அளவைத் தெரிந்துகொள்ள நெடுங்காலமாகப் பயன்படும் அளவுகோல், 17.5 சதவீதக் காஸ்டிக்கில் சூடில்லாமல் கரையாமல் நிற்கும் பங்கு. அதற்கு ஆல்ஃபா செல்லுலோஸ் என்று பெயர். 1838-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்செல்ம் பாயென் பல செடிகளின் திசுக்களை அமிலத்திலும் காரத்திலும் மாறி மாறிக் கழுவி ஒரே பொருளை எடுத்துக் காட்டினார். இன்றைக்கு நாம் செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

வீட்டில் வெளுக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து அலட்சியமாக எடுக்காதீர்கள். சலவைக்கடை வெளுப்பானோடு அமிலம் எதுவும், வினிகர்கூட, சேரக் கூடாது. குளோரின் வாயு வரும். ஆய்வகங்களில் சோடியம் குளோரைட்டை அமிலத்தோடு சேர்த்து வெளுப்பதைப் படித்திருப்பீர்கள், அதில் குளோரின் டையாக்சைடு வரும், வாயு உறிஞ்சும் அறை இல்லாமல் அதைத் தொடக் கூடாது. காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும். துருப்பிடிக்காத எஃகுதான் சரி. கண்ணாடி போடாமல் மூடியைத் திறக்காதீர்கள். காரம் கண்ணில் பட்டால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும்.

இனி நானோ செல்லுலோஸ். இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால்தான் குழப்பம். ஒன்று, 64 சதவீதக் கந்தக அமிலத்தில் 45 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள் கரையும் பகுதியைக் கரைத்துவிட்டு மிஞ்சும் படிகத் துணுக்குகள். ஸ்வீடனில் ராண்பி என்ற ஆய்வாளர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கு அடிபோட்டார். இன்னொன்று, கூழை மிக அதிக அழுத்தத்தில் ஒடுக்கமான வாய் வழியே திரும்பத் திரும்பச் செலுத்தி நுண்ணிழைகளாகக் கிழிப்பது. இதை டர்பக் என்ற ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1983-இல் வெளியிட்டார்கள். அதற்கு மின்சாரம் மிக அதிகமாகச் செலவானது. பிறகு நொதியாலோ ஆக்சிஜனேற்றத்தாலோ கூழை முன்கூட்டியே தளர்த்தும் முறைகள் வந்து அந்தச் செலவைப் பல மடங்கு குறைத்தன. டோக்கியோவில் இசோகாய், சைட்டோ குழுவினர் உருவாக்கிய, டெம்போ என்ற வினையூக்கியால் ஆக்சிஜனேற்றும் முறை 3, 4 நானோமீட்டர் தடிமன்வரை பிரித்துக் காட்டியது. 2015-இல் அவர்களுக்கும் நிஷியாமாவுக்கும் காடு, மரப்பொருள் ஆய்வுக்கான மார்க்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது. உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில்: அமில முறையை வீட்டில் செய்யாதீர்கள். அடர் அமிலத்தின் ஆபத்து ஒரு பக்கம், பிறகு அதை நீக்க நாள்கணக்கில் சவ்வுப் பையில் கழுவ வேண்டும், உங்கள் 100 கிராம் வைக்கோலில் கடைசியாக 10 கிராம் துணுக்கு வந்தால் நல்ல விளைச்சல். கல் அரைவையில் கூழைப் பலமுறை அரைத்து ஓரளவு நுண்ணிழை ஆக்குவது பாதுகாப்பானது. ஆனால் கிடைப்பது 2 சதவீதத் திடப்பொருளுள்ள பாகு, மீதி 98 பங்கும் தண்ணீர். அதை எங்கே, எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இந்த இடத்தில் என் சொந்த இழப்பு ஒன்றைச் சொல்கிறேன், உங்களுக்கு அது நேரக் கூடாது. ஆரம்ப காலத்தில் மூன்று வாரம் பாடுபட்டு வெளுத்தெடுத்த வைக்கோல் கூழை, எடை பார்க்க வசதியாக இருக்குமே என்று 105 டிகிரி அடுப்பில் முழுக்க உலர்த்திவிட்டேன். மறுபடி தண்ணீரில் ஊறவைத்து அரைத்தால் இழை பிரியவே இல்லை. விரலில் மணல்போல் நெருடிக்கொண்டே இருந்தது. உலரும்போது நுண்ணிழைகள் ஒன்றோடொன்று இறுகி ஒட்டிக்கொள்கின்றன, அவற்றுக்கு இடையிலிருந்த துளைகள் பிறகு தண்ணீரில் போட்டாலும் முழுதாகத் திறப்பதில்லை. அன்று முதல் ஒரு துளிக் கூழை மட்டும் தனியே உலர்த்தி ஈரப்பதத்தைக் கணக்கிடுகிறேன், மீதியை ஈரமாகவே மூடிக் குளிர்பெட்டியில் வைக்கிறேன். நானோ வரை போக நினைத்தால் நடுவில் எந்தக் கட்டத்திலும் உலர்த்தாதீர்கள்.

நான் மேலே சொன்னதில் எது உறுதி, எது இளக்கம் என்பதையும் பிரித்துவிடுகிறேன். கார முறையும் அதன் வரிசையும், உலர்ந்தால் இறுகும் என்பதும், வாழை நார் நீளமானது வைக்கோல் நார் குறுகியது என்பதும் உறுதியானவை. செடியின் கலவை எண்கள் இளக்கமானவை. ரகம், மண், அறுவடை நேரம், அளந்த முறை எல்லாமே எண்ணை மாற்றும். லிக்னினை அளக்கும் வழக்கமான அமில முறையில், கரையாமல் நிற்கும் சிலிக்காவைக் கழிக்க மறந்தால் வைக்கோலுக்கு லிக்னின் தாறுமாறாக உயர்ந்துவிடும். எக்ஸ்கதிர் வரைபடத்தில் இரண்டு உயரங்களை ஒப்பிட்டு ‘படிகத்தன்மை 68 சதவீதம்’ என்று எழுதுகிறார்களே, 1959-இல் சீகல் குழுவினர் தந்த அந்த வழி ஒரே தொகுதிக்குள் மாதிரிகளை ஒப்பிடத்தான். அதைத் தனி உண்மையாக எடுக்காதீர்கள். அகச்சிவப்பு நிறமாலையில் அலை எண் 1,640 அருகே வரும் முகட்டைப் பலர் லிக்னின் என்று எழுதுகிறார்கள், பெரும்பாலும் அது நார் பிடித்துவைத்திருக்கும் தண்ணீர். லிக்னினுக்கு 1,510 அருகே பாருங்கள். கோலின் குளோரைடு கலந்து செய்யும் ‘பசுமை’க் கரைப்பான்கள் ஆய்வகத்தில் அழகாக லிக்னினைப் பிரிக்கின்றன. ஆனால் கரைப்பானைத் திரும்பத் திரும்ப மீட்டெடுத்தால்தான் கட்டுப்படியாகும். பெரிய அளவில் அது எந்த அளவு நடக்கும் என்பது இன்னும் தீராத கேள்வி. வயலிலிருந்து எவ்வளவு வைக்கோலை எடுக்கலாம் என்பதற்கும் எல்லா மண்ணுக்கும் பொருந்தும் ஓர் எண் கிடையாது. மொத்தத்தையும் எடுத்தால் மண்ணின் கரிமச் சத்து குறையும் என்பது மட்டும் தெளிவு. என் அனுபவம் கிலோக்கணக்கில் வேகவைத்த சிறு கலன்களோடு நிற்கிறது, டன் கணக்கிலான ஆலைக்கு இந்த எண்களை அப்படியே தூக்கிப் போகாதீர்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று: அந்தக் கறுப்புத் தண்ணீர். வைக்கோலை வேகவைத்தபின் மிஞ்சும் நீரில் கரைந்த லிக்னின், ஹெமிசெல்லுலோஸ், சிலிக்கா, மிச்சக் காரம் எல்லாம் இருக்கும். மரக்கூழ் ஆலைகள் இதைச் சுண்ட வைத்து எரித்து, காரத்தை மீட்டுக்கொள்கின்றன. வைக்கோலில் வரும் சிலிக்கா அந்த ஆவியாக்கிக் குழாய்களில் கெட்டியாகப் படிந்து மீட்பையே சிக்கலாக்குகிறது. அதனால் சிறு ஆலைகள் பல அதை ஆற்றில் விட்டன. 1996-இல் சீனா ஆண்டுக்கு 5,000 டன்னுக்கும் குறைவான வேதிக் கூழ் ஆலைகளை மூட உத்தரவிட்டதற்கு இந்த மாசுதான் காரணம். உங்கள் பாத்திர அளவில் செய்ய வேண்டியது இது. வடித்த நீரை ஆறவிட்டு, நீர்த்த அமிலத்தைத் துளித்துளியாக, கிளறிக்கொண்டே விடுங்கள். காரத்தன்மை இறங்க இறங்க முதலில் சிலிக்கா கூழ்மமாகத் திரளும், இன்னும் இறங்கினால் லிக்னின் பழுப்புத் துகளாகப் பிரியும். இரண்டையும் துணியில் வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய நீரை அமிலமும் காரமும் அற்ற நடுநிலைக்குக் கொண்டுவந்த பிறகே வெளியேற்றுங்கள். அப்போதும் அதில் உப்பும் கரைந்த சர்க்கரைகளும் இருக்கும், கிணற்றுப் பக்கமோ மீன் குளத்துப் பக்கமோ விடாதீர்கள். அடுத்த முறை எடைக்கு ஐந்தில் ஒரு பங்குக் காஸ்டிக்கோடு செய்து பாருங்கள். இந்தக் கறுப்புத் தண்ணீரும் பாதியாகக் குறையும், அதை நடுநிலையாக்க வேண்டிய அமிலமும் குறையும். விரல் சோதனையில் எத்தனையாவது நிமிடத்தில் பதம் வந்தது என்று குறித்துவைத்து எழுதினால், அந்த எண்ணை வைத்துச் சக்கைக்கான நேரத்தைச் சேர்ந்து கணக்கிடலாம்.